வாளிச் சத்தம்

ஆற்றங்கரையிலிருந்து வாளியைத் தட்டும் சத்தம் கேட்டபோது மைக்கேல் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான். டப், டப், டப். அவனுடைய வாளி மோட்டார் கூடையில்தான் இருந்தது, ஜாசின் பாசாரிலிருந்து கொண்டுவந்த கோழிக்குடல் பையோடு. வேறு யாரோ தட்டுகிறார்கள். மோட்டாரை அப்படியே சரியவிட்டு, பையை மட்டும் பிடுங்கிக்கொண்டு செம்பனை மரங்களுக்கு நடுவே ஓடினான்.

பாசாரில் அவன் கோழி வெட்டி விற்கிறான். மிஞ்சும் குடலைக் குப்பையில் போட்டால் நாய்கள் இழுத்துப் போடுமென்று ஆற்றில் கொட்டத் தொடங்கினான். நான்கு வருடங்களுக்கு முன் ஒருநாள் கை நீளத்தில் ஒரு முதலை வந்து அதைத் தின்றது. மறுநாளும் வந்தது. பிறகு அவன் வாளியை மூன்று முறை தட்டினால் போதும், எதிர்க்கரை நாணலுக்குள்ளிருந்து நீரைக் கிழித்துக்கொண்டு வரும். மகள் கிளாரிசா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். மனைவி பாட்ரீசியா பத்து பெரண்டாமிலுள்ள தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவந்து பகலெல்லாம் தூங்குவாள். தினமும் பகல் பதினோரு மணிக்கு ஆற்றில் ஓர் உயிர் அவனுக்காகக் காத்திருந்தது. அது தப்பு என்று அவனுக்குத் தெரியாமலில்லை. எதிர்க்கரையில் ஓர் ஆடு காணாமல் போனபோது இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனான். இப்போது அது எட்டடி இருக்கும்.

மரங்கள் முடிந்த இடத்தில் மீனம்மா தெரிந்தாள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள், கரையில் கங்கோங் கீரை போட்டு விற்பவள். நீரோரத்துப் படித்துறைப் பலகையில் குந்தி, வாளியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டிய சேற்றைத் தட்டி உதிர்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றுக்கு முதுகு காட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் தண்ணீரில் இரண்டு சிறு மேடுகள் நேர்கோட்டில் வந்துகொண்டிருந்தன.

கத்தினால் அவள் என்னவென்று கேட்டுக்கொண்டு அங்கேயே இருப்பாள். மைக்கேல் கத்தவில்லை. பையைத் தலைக்கு மேல் சுழற்றி, பலகையிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் எறிந்தான். பை விழுவதற்குள் தண்ணீர் வெடித்தது. சத்தத்துக்குத் திரும்பிய மீனம்மாவின் கையைவிட்டு வாளி போனது. பிளாஸ்டிக் நொறுங்கும் சத்தம். அவள் சேற்றில் குப்புற விழுந்தாள். அவன் அவளுடைய இரண்டு அக்குள்களிலும் கைகொடுத்து மேலே இழுத்தான். முதலை வாளியை உதறிவிட்டு, மெதுவாகத் திரும்பி, பை விழுந்த இடத்தை நோக்கிப் போனது.

மீனம்மா தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மைக்கேலு," என்றாள் பிறகு. "அது ஒன்னயப் பாத்துட்டுத்தான் திரும்பிப் போச்சு."

அவன் குனிந்து அவளுடைய செருப்பைச் சேற்றிலிருந்து எடுத்தான்.

"எத்தன நாளா போடுற?"

"நாலு வருஷம்க்கா."

"சனிக்கெழம என் பேரன் வருவான். இந்தப் பலகையிலதான் ஒக்காந்து தூண்டி போடுவான்." அவள் எழுந்து சேலையிலிருந்த சேற்றை வழித்தாள். "முதல இருக்குன்னு நான் சொல்லப் போறேன். ஒன் பேரச் சொல்லமாட்டேன். அத நீயே சொல்லிக்க."

மறுநாள் வனவிலங்குத் துறையினர் வந்து கரையில் இரும்புக் கூண்டு வைத்து, உள்ளே முழுக்கோழியைக் கட்டினார்கள். முதலை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கூட்டம் கூடியது. சிலர் கல்லெறிந்தார்கள், சிலர் படம் பிடித்தார்கள். மைக்கேல் பின்வரிசையில் நின்றான். நான்காம் நாள், தினேஸ்வரன் என்ற இளம் அதிகாரி கூட்டத்திடம் சொன்னான்: "வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்போம். விழலன்னா சுட்டுடச் சொல்லிட்டாங்க."

அன்று மாலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பாட்ரீசியாவிடம் மைக்கேல் எல்லாவற்றையும் சொன்னான். அவள் தலைவாரிக்கொண்டிருந்த சீப்பைக் கீழே வைத்தாள்.

"தெனம் நான் தூங்குறப்ப இதுக்குத்தான் போனீங்களா?"

"சும்மா... வந்துச்சு. பாத்துட்டே இருப்பேன்."

"மீனம்மாக்கா கையி போயிருந்தா?"

வெளியே தொழிற்சாலை பஸ் ஹார்ன் அடித்தது. அவள் போகவில்லை.

"அது பயமில்லாம கிட்ட வந்ததுக்கு நீங்கதான் காரணம். சாகுறதுக்கும் நீங்களே காரணமாயிடாதீங்க. காலையில போயி சொல்லுங்க. நானும் வர்றேன்."

மறுநாள் காலை கரைக்குப் போய்ச் சொன்னார்கள். தினேஸ்வரன் திட்டவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கூப்புட்டா வருமா அங்கிள்?" என்று மட்டும் கேட்டான்.

"வரும். புடிச்சு, தூரமா வேற ஆத்துல விட்டுடுவீங்கல்ல?"

"மனுசங்ககிட்ட சாப்பிட்டுப் பழகுனத ஆத்துல விட முடியாது லா. முதலப் பண்ணத் தொட்டியிலதான் வெப்பாங்க. சாகுற வரைக்கும்."

மைக்கேல் பாட்ரீசியாவைப் பார்த்தான். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்குக் கூட்டத்தை விரட்டிவிட்டார்கள். நான்கு பேர் கயிற்றோடு நாணலில் மறைந்திருந்தார்கள். மைக்கேல் பலகையில் நின்று வாளியை மூன்று முறை தட்டினான். மூன்றாவது தட்டு சரியாக விழவில்லை. வராமல் இருந்துவிடட்டும் என்று ஒரு கணம் நினைத்தான். அது வந்தது. எப்போதும்போல நேராக, அவசரமில்லாமல். அவன் காலடியில் தலையைத் தூக்கி வாயைத் திறந்தபோது சுருக்கு விழுந்தது.

அது சுருண்டு சுருண்டு புரண்டது. கரை மண் சரிந்தது. நால்வரும் போதாமல் தோட்டத்து ஆட்கள் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள். அரைமணி நேரத்தில் அது களைத்துவிட்டது. வாயை டேப்பால் சுற்றி, கால்களைக் கட்டி லோரியில் ஏற்றினார்கள்.

"கண்ண மூடிட்டா அடங்கிரும்," என்று தினேஸ்வரன் ஈரச்சாக்கு ஒன்றை எடுத்தான். "ஒருத்தர் புடிச்சிட்டே வரணும். எங்க ஆளுங்க கையெல்லாம் கயிறு அறுத்துருச்சு."

மைக்கேல் யாரும் சொல்லாமலே ஏறி உட்கார்ந்தான்.

நான்கு வருடங்களில் அவன் அதைத் தொட்டதேயில்லை. சாக்குக்கு மேல் வைத்த உள்ளங்கையில் எலும்பின் கடினம் தெரிந்தது. அது மூச்சு விடுவது தெரிந்தது, மிக மெதுவாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் நின்றுவிட்டதோ என்று பயப்படும்படி. ஜாசின் சமிக்ஞை விளக்கில் லோரி நின்றது. பக்கத்தில் நின்ற பள்ளி பஸ்ஸின் ஜன்னல்களில் முகங்கள் குவிந்தன. ஒரு சிறுமி கையசைத்தாள், அவனுக்கா அதற்கா என்று தெரியவில்லை. வெயிலில் சாக்கு காயத் தொடங்கியிருந்தது. அவன் போத்தல் தண்ணீரை அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். உள்ளங்கைக்கடியில், சாக்குக்குள், கண் ஒருமுறை திறந்து மூடியது.