தொண்ணூற்றேழு

"அப்போ நீ எப்போ வருவே?"

அயர்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வேலைக்கான கடிதம் தனக்கு வந்த அன்று சிஜோ என்னிடம் கேட்டது இது. கப்பைக்கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டார்.

"தொண்ணூறு வரட்டும் இச்சாயா. வந்துட்டா எந்த ஊர்லேர்ந்து வேணும்னாலும் வேலை பார்த்துக்கோன்னு ஷெமீர் சார் சொல்லியிருக்கார்."

"தொண்ணூறா? பத்தாம் கிளாஸ்லகூட நீ அதைப் பார்த்ததில்லையே, எடி."

"உங்களைக் கட்டிக்கிட்டப்புறம்தான் புத்தி வந்துச்சு."

இருவரும் சிரித்தோம். போக வேண்டாம் என்பது எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அங்கே வேலைக்குப் போகத் தேவையான ஆங்கிலப் பரீட்சையை அவர் மூன்று முறை எழுதியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். எப்படிச் சொல்வேன்? என்னாலும் வேலையை விட்டுவிட்டுப் பின்னால் போக முடியாது. சேர்த்தலையில் இருக்கும் என் அப்பாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ், என் கம்பெனியின் காப்பீட்டில்தான் நடக்கிறது.

காக்கநாட்டில் எங்கள் அலுவலகம். வரன் பார்க்கும் இணையதளம் ஒன்றை வேகமாகத் திறக்க வைப்பது என் வேலை. உள்ளே நுழைந்த பிறகு வரும் மாப்பிள்ளைகள் பக்கம்தான் முக்கியம். பிரவுசரிலேயே அதன் வேகத்தை அளக்கும் கருவி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு வட்டம் வரும். ஆறு வாரமாகத் தினமும் பச்சை வட்டம், தொண்ணூற்றேழு. அதைப் படமெடுத்துக் குழுவில் போடுவேன். எங்கள் குழுத் தலைவர் ஷெமீர் சார் கட்டைவிரல் காட்டுவார்.

வீட்டுக்கு வந்தால் சிஜோவும் கேட்பார், "இன்னிக்கு எத்தனை மார்க்?" சொன்னதும் தட்டில் ஒரு மீன் கூடுதலாக விழும். அந்த எண்ணை நம்பித்தான் தனி அறை வேண்டாமென்று, இருவருக்கும் போதுமான வீடாக அயர்லாந்தில் பிடித்தார். பதினான்காம் தேதிக்கு டிக்கெட் எடுத்தார்.

வியாழக்கிழமை காலை, முடிந்த வேலையைப் பார்த்துச் சரி சொல்ல, தளத்தின் முதலாளி குரியாக்கோஸ் வந்தார். தன் பழைய போனில் மாப்பிள்ளைகள் பக்கத்தைத் திறந்தார். வெள்ளைத்திரை. காத்திருந்தார். வெள்ளைத்திரை.

"இந்தப் பையன் மூஞ்சி வர்றதுக்குள்ள பொண்ணுக்கு நரைச்சிடும் மோளே," என்றார்.

"உங்க நெட்வொர்க்கா இருக்கும் சார்," என்று அறிக்கையைத் திரையில் போட்டேன். நிரூபிப்பதற்காக முதல்முறையாக எண்ணுக்குக் கீழே இருப்பதைப் பார்த்தேன். பக்கம் திறக்கும் ஒவ்வொரு நொடிக்கும் ஒரு சின்னப் படம் அங்கே வரிசையாக இருந்தது. ஒன்றிலும் மாப்பிள்ளை இல்லை. மொபைல் எண்ணும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி மட்டும்தான்.

புதிதாக வருகிறவரைப் போலப் பார்க்க வேண்டும் என்று, அந்தக் கருவி அளப்பதற்கு முன் உள்நுழைவை அழித்துவிடும். அழிக்காதே என்று சொல்ல ஒரு சின்னக் கட்டம் உண்டு. நான் அதைத் தொடவே இல்லை. எங்கள் தளம் அந்தக் கருவியை வாசலுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது. ஆறு வாரமாக நான் அளந்தது வாசலை.

கட்டத்தை மாற்றி, எல்லோர் முன்னாலும் மறுபடி அழுத்தினேன். சிவப்பு வட்டம். பத்தொன்பது. ஸ்டூடியோவில் எடுத்த மாப்பிள்ளைப் படங்கள், சுருக்கப்படாமல் முழு எடையோடு இறங்கிக்கொண்டிருந்தன.

குரியாக்கோஸ் எழுந்து போனார். மத்தியானத்துக்குள் அந்தத் தளத்தின் வேலை எங்கள் கம்பெனியின் கையை விட்டுப் போய்விட்டது.

"இதுக்கப்புறம் உனக்காக மேல எந்த மூஞ்சியோட போய்க் கேக்கறது, ரின்ஸி?" என்றார் ஷெமீர் சார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டில் சிஜோ பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மீன் ஊறுகாய் பாட்டிலைத் துண்டில் சுற்றியபடி, "எத்தனை மார்க்?" என்றார்.

"பத்தொன்பது."

"போடி."

நான் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். இங்கே ஆஸ்பத்திரியில் அவர் ராஜினாமா கொடுத்தாயிற்று, அவர் இடத்தில் வேறொருவர் சேர்ந்தும் ஆயிற்று. அது எனக்கும் தெரியும்.

"சரி கொச்சே. ஒரு வருஷம் பார்ப்போம். இல்லேன்னா ரெண்டு..."

அன்று நாக்கு நுனியில் நின்றதை இனிமேல் கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தேன்.

"போகாதீங்க, இச்சாயா," என்றேன்.