டிம்ப்னா வாங்கிய பெரிய அடுப்பு

டிம்ப்னாவுக்கும் அவள் தங்கை நூலாவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். லீட்ரிம் என்ற ஊரில், தேவாலயத்துக்குப் பின்னால், ஒட்டிக் கட்டிய இரட்டை வீடு. இடது பாதி அக்காவுக்கு, வலது பாதி தங்கைக்கு. இரண்டு வீட்டுப் புகையும் கூரைமேல் ஒரே புகைபோக்கி வழியாகத்தான் போகும். அதற்குள் ஒரு செங்கல் தடுப்பு இரண்டையும் பிரித்துவைத்திருந்தது. ஐம்பத்து நான்கு வயதுவரை தங்கையைப் பார்த்துத் தான் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை என்று டிம்ப்னா சொல்லிக்கொள்வாள். அவள் கணவன் ஃபெர்கல் அப்போதெல்லாம் ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பான்.

அக்டோபரில் நூலா தன் வீட்டுத் திறந்த கணப்புக்குள் இரும்பு அடுப்பு ஒன்று வைத்தாள். கரும்பச்சை நிறம், கண்ணாடிக் கதவு. அடுப்பு பொருத்தும் டோனல் என்பவர் வந்து இரண்டு நாள் வேலை பார்த்தார். புகைபோக்கியைத் துடைத்து, கேமராவை உள்ளே விட்டுப் பார்த்து, கூரையிலிருந்து அடுப்புவரை எஃகுக் குழாய் இறக்கினார். அடியில் கல்பலகை போட்டார். சுவரில், விஷவாயு கசிந்தால் கத்தும் அலாரம் ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்.

பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. ஃபெர்கல் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, "தீ எப்படி எரியுதுன்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று போவான். கால்பந்து ஆட்டம் முழுதும் முடிந்துதான் திரும்புவான். பாதிரியார் இவள் வாசலைத் தாண்டி நூலா வீட்டுக்குப் போனார். இவர்கள் வீட்டு நாய்கூட அங்கேதான் படுத்துக் கிடந்தது. டிம்ப்னா சுவரில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் ஃபெர்கல் சிரித்தான். தன்னோடு பேசும்போது அவன் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தாள். அன்று உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது.

மறுநாளே டோனலைக் கூப்பிட்டாள்.

"என் தங்கை வீட்ல இருக்கிறத விடப் பெருசா வேணும்."

டோனல் அறையை அளந்து பார்த்தார். "இந்த அறைக்குப் பெருசு ஆகாதுங்க. சின்னதுதான் சரி. பெருச வச்சா காத்தை அடைச்சு அடைச்சுத்தான் எரிப்பீங்க, புகைபோக்கி பூரா தார் பிடிச்சுக்கும். அப்புறம் உள்ள குழாய் இறக்காம நான் கைய வைக்க மாட்டேன். இது பழைய புகைபோக்கி."

"எப்ப வருவீங்க?"

"மூணு வாரம் ஆகும்."

மூன்று வாரமா! மூன்று வாரத்தில் ஃபெர்கல் அங்கேயே தலையணை போட்டுவிடுவான். டிம்ப்னா விளம்பரம் பார்த்து யாரோ கழித்துக்கட்டிய பெரிய கறுப்பு அடுப்பு ஒன்றை வாங்கினாள். அதைப் பொருத்த அடுத்த ஊரிலிருந்து ஜெர்ரி என்ற சில்லறை வேலைக்காரனை அழைத்தாள். அவன் அரை நாளில் முடித்தான். அடுப்பைக் கணப்புக்குள் தள்ளி, ஒரு முழ நீளக் குழாயைப் புகைபோக்கிக்குள் சொருகி, சுற்றிலும் சிமெண்ட் பூசினான். அவ்வளவுதான். எஃகுக் குழாயும் இல்லை, அலாரமும் இல்லை.

"டோனல ஒரு தடவ பாக்கச் சொல்லலாமே," என்றான் ஃபெர்கல்.

"அவரு உன் மச்சினிக்குத்தான் ராசி. போய் அவகிட்டயே கேளு."

ஃபெர்கல் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமையே தீ மூட்டினாள். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிகளை அடுக்கி எரித்தாள். அவளுக்குப் பிடித்த வாசனை அது. நூலா விறகு மட்டும்தான் எரிப்பாள், மண்கட்டி துணியில் வாடை ஏற்றும் என்பாள். சனிக்கிழமையும் எரித்தாள். ஞாயிறு மதியம் உறவுக்காரர்கள் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். நூலாவைத் தனியாக, இரண்டு முறை கூப்பிட்டாள்.

நூலா தொலைபேசியில் மெல்லிய குரலில் பேசினாள். "தலை வலிக்குதுக்கா. நேத்துலேருந்து விடல. அடுப்புகூட பத்த வைக்கல, மாடியில போய்ப் படுத்துக்கறேன்."

"ஐயோ பாவம். உடம்பப் பாத்துக்கோ," என்று ஃபோனை வைத்த டிம்ப்னாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. தலைவலியாம், தலைவலி. வயிற்றெரிச்சல் என்று சொல்ல வெட்கம்! வந்தவர்கள் அடுப்பைப் புகழ்ந்தார்கள். ஃபெர்கல் முதல்முறையாக வீட்டில் காலணியைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினான். நாய் திரும்பி வந்தது. டிம்ப்னாவுக்கு அத்தனையும் இனித்தது, ஆனாலும் ஒன்று குறைந்தது. நூலாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகத்தில் பொறாமை எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும்.

ஆப்பிள் பணியாரத்தில் ஒரு துண்டைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, பின்கதவு வழியாகத் தங்கை வீட்டுக்குள் போனாள். கீழே அறை குளிர்ந்து கிடந்தது. அலாரம் சத்தமில்லாமல் இருந்தது. மாடி ஏறி, படுக்கையறைக் கதவைத் திறந்தாள்.

மண்கட்டி வாசனை அடித்தது. அவளுடைய மண்கட்டி.

"நூலா?"

நூலா கண்ணைத் திறந்தாள். முகம் வெளிறியிருந்தது. "அக்கா... எந்திரிக்க முடியல..." வார்த்தைகள் குழறின. எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி சரிந்தாள்.

கட்டிலுக்கு எதிரே, பலகை அடித்து மூடிய சின்னக் கணப்பு ஒன்று இருந்தது. பலகையின் இடுக்கில் மெல்லிய புகை நெளிந்தது. டிம்ப்னா தட்டைப் போட்டாள். ஜன்னலைத் தள்ளித் திறந்து, பாதி உடம்பு வெளியே தொங்க, தன் வீட்டை நோக்கிக் கத்தினாள்.

"ஃபெர்கல்! அடுப்போட காத்த அடை! எல்லாரும் வெளிய வாங்க! ஆம்புலன்சுக்கு ஃபோன் பண்ணு!"

பிறகு தங்கையின் அக்குளில் கைகொடுத்துப் படிக்கட்டு வழியாக இழுத்து வந்தாள். நூலாவின் குதிகால் ஒவ்வொரு படியிலும் இடித்தது. அந்தச் சத்தம் டிம்ப்னாவின் காதை விட்டுப் பல மாதம் போகவில்லை.

ஒரு நாள் மருத்துவமனையில் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை டோனல் வந்து, டிம்ப்னாவின் புகைபோக்கிக்குள் சோதனைப் புகை விட்டார். அது மேலே போனது பாதி. மீதி நூலாவின் படுக்கையறையில் வந்தது. உள்ளேயிருந்த செங்கல் தடுப்பு அரித்துப் போய், புகை அந்த மாடிக் கணப்பு வழியாக இறங்கியிருந்தது. நூலாவின் பக்கம் எஃகுக் குழாய் இருந்ததால் அவள் அடுப்புப் புகை யார் வீட்டுக்கும் போகவில்லை. இந்தப் பக்கத்துப் புகைக்குத்தான் தடை இல்லை.

"அலாரம் கீழ இருந்துச்சு, வாயு மேல வந்துச்சு," என்றார் டோனல். கறுப்பு அடுப்பை அவரும் ஃபெர்கலும் வெளியே தூக்கிப் போட்டார்கள்.

நூலா வீடு திரும்பிய அன்று டிம்ப்னா அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ வரலன்னதும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சுடி. பொறாமைல வரலன்னு நெனச்சேன். பணியாரம் கொண்டுவந்தது, உன் மூஞ்சியப் பாக்கத்தான்."



"சின்ன வயசுல எனக்கு மட்டும் வாங்கின அந்த நீலச் சட்டைலேருந்தா இந்தப் பொறாமை?" என்று கேட்டாள் நூலா.

"அதுக்கு முன்னாடிலேருந்தே."

"தெரியும்," என்றாள் நூலா. "ஆனா உன் புருஷன் வந்து உட்காந்தா போகவே மாட்டேங்கறான்க்கா. எனக்கே எரிச்சலாத்தான் இருந்துச்சு. சொல்லத் தயங்கினேன்." அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இப்ப நீ போ. ரெண்டு நாள் கழிச்சு வா."

இரண்டு நாள் மூன்று வாரமாயிற்று. அதற்குள் டோனல் டிம்ப்னாவின் புகைபோக்கியில் குழாய் இறக்கி, சின்ன அடுப்பு ஒன்றைப் பொருத்தினார். நூலாவின் படுக்கையறைக் கணப்பைச் செங்கல் வைத்து அடைத்து, காற்றுக்கு வெளிச்சுவரில் ஓட்டை போட்டார். அங்கே ஒன்று, டிம்ப்னா வீட்டில் இரண்டு என்று அலாரம் மாட்டினார்.

அந்த மூன்று வாரமும் நூலா வீட்டுக்குப் பூங்கொத்தோடும் சூப்போடும் ஊரே வந்துபோனது. தன் வாசலைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு பூங்கொத்தையும் டிம்ப்னா ஜன்னலிலிருந்து பார்த்தாள். ஏழாவது பூங்கொத்துக்கு அவள் நெஞ்சில் பழைய முள் மறுபடி குத்தியது. அவளுக்கே அசிங்கமாக இருந்தது. திரையை இழுத்து மூடிவிட்டு, நூலாவுக்குச் சூப் வைக்க வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள்.