எதிர்ப்பக்கம் திரும்பும் வளையம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் கிடைத்தது. மேலே என் தம்பியும் அவன் மனைவியும் கேமராவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பேனா மூடி விழுந்துவிட்டது என்ற சாக்கில் நான் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்ததும் பிடித்துக்கொண்டார்கள், யார் பேச்சு நியாயம் என்று. நான் எடுக்கும் படங்களில் என் கட்டைவிரல்தான் கதாநாயகன். என்னிடம் போய்த் தீர்ப்பு.

2

முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த மைதானத்தில் அவள்..." வேண்டாம், அன்று மழையே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "காலத்தை உறைய வைக்கும் கருவியே கேமரா என்று..." ஐயோ, இதை எழுதியது நான்தானா?

நேராகவே சொல்கிறேன். இருவரும் ஒரே பத்திரிகையில் விளையாட்டுப் படம் எடுப்பவர்கள். அவன் கேமரா ஒரு கம்பெனியுடையது, அவளுடையது அதன் ஜென்ம விரோதியுடையது. (பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் பாதி வாசகர்கள் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள்.) இனி ஒரே கம்பெனி லென்சுகளைத்தான் வாங்குவோம், எது என்று திங்கட்கிழமை சொல்லுங்கள் என்றுவிட்டது அலுவலகம்.

லென்ஸில் ஒரு வளையம் உண்டு. தூரத்தில் ஓடுகிறவனைக் கிட்டே இழுக்க அவன் அதை வலப்பக்கம் திருப்புவான், அவள் இடப்பக்கம் திருப்புவாள்.*

(* தம்பி ஜாம் பாட்டிலைத் திருப்பித் திருப்பி விளக்கினான். ஜாம் தீர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.)

3

தம்பி மனைவியை முதலில் பிடிவாதக்காரியாக எழுதியிருந்தேன். என் நாத்தனார் புத்தி. அடித்துவிட்டேன். வருஷக்கணக்காகப் பரிசளிப்பு விழாக்களில் கைகுலுக்கல்களைப் படம் எடுத்தவளுக்கு இப்போதுதான் மைதானத்து ஓரத்தில் உட்கார இடம் கிடைத்திருக்கிறது.

"கை புதுசாப் பழகணும்னா ஒரு சீசனே போயிடும் அண்ணி. தடுமாறினேன்னா மறுபடி மேடைக்கே அனுப்பிடுவாங்க."

"அப்போ நான் மாறிக்கறேன், விடு," என்றான் தம்பி.

"உங்க தயவுல நான் மைதானத்துல உக்கார மாட்டேன். என்னோடது நல்லாருக்குன்னு தோணினா மாறுங்க. இல்லன்னா வேணாம்."

அதனால் சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்துக்குக் கேமராக்களை மாற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

4

முதல் பாதி பரிதாபம். கிட்டே இழுப்பதாக நினைத்து இருவரும் எதிர்ப்பக்கம் திருப்ப, ஆட்டக்காரர்கள் எறும்பாகிப் போனார்கள்.

[இடைவேளையில் ஒரு காதல் வசனம் வேண்டும். நானாக எழுதியது எதுவும் தேறவில்லை. அவர்கள் பேசியதையே தருகிறேன்.]

"உன் கேமராவுக்கு என்னைப் பிடிக்கல," என்றான் தம்பி.

"கொஞ்ச நாள் ஆகும். எனக்கும் ஆச்சே."

இரண்டாம் பாதியில் கைகள் வழிக்கு வந்தன.

5

வீட்டுக்கு வந்ததும் தம்பி தன் படத்தைக் காட்டினான். அந்தரத்தில் கோல்கீப்பர், விரல் நுனியில் பந்து, கண் அவ்வளவு துல்லியம்.

"ஓடறவன் கண்ணை விடவே மாட்டேங்குது உன் கேமரா. நான் மாறறேன். இது தயவு இல்ல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், நம்பவில்லை. படத்தைப் பார்த்தாள், நம்பிவிட்டாள். விட்டுக்கொடுக்க நினைக்கிறவன் இப்படியா எடுப்பான்? வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. புத்தியுள்ள எழுத்தாளர் இங்கேயே பேனாவை மூடியிருப்பார்.

6

தம்பி தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனான். அவள் தன்னிடம் இருந்த அவன் கேமராவின் திரையை என் பக்கம் திருப்பினாள். கோல் அடித்தவன் மண்டியிட்டிருக்கிறான். வலை இன்னும் ஆடுகிறது. அவன் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக. எனக்கே தெரிந்தது, தம்பியின் படத்தைவிட இது ஒரு படி மேல்.

"இதைப் பாத்தா அவர் மாற மாட்டார் அண்ணி. என்னையும் மாறச் சொல்ல மாட்டார். ஆனா நானே மாறிடுவேன், எனக்குத் தெரியும். சீசன் போனாலும் பரவால்லன்னு தோணிடும்."

"காட்டலன்னா?"

"ஜெயிச்சுட்டேன்." சிரித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ஆனா இப்படி ஒரு படத்தை எடுத்துட்டு, அவர்கிட்ட காட்டாம எப்படி இருக்கறது?"

விரல் பொத்தானின் மேல். ஒரு தட்டு தட்டினால் படம் அழியும்.

காட்டு என்றால் தம்பிக்குப் பரிந்து பேசுகிறேன் என்பாள். அழி என்று சொல்ல எனக்கு மனசு இல்லை. எழுதுகிறவள் நான் என்றாலும் விரல் அவளுடையது. என்ன செய்யலாம் என்று நீங்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டும், கொஞ்சம் சீக்கிரம். அவன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டான்.