முக்காலிக்கு ஆறு நாள்

மருத்துவமனையில் எல்லோரும் அவளை எக்ஸ்ரேக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக ‘மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க’ என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் பால் பொங்கி வரும்போதுகூட அவளுக்கு அதே குரல்தான் வரும். தலைக்கு மேல் வேலை கிடந்தாலும் பதறாத ஆள். ஆசை என்று வாய் திறந்து எதையும் கேட்டவளும் இல்லை.

ஒரு நாள் குளியலறைக் கதவுக்குக் கீல் வாங்க இரும்புக் கடைக்குப் போனாள். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘ஆறு நாள் மரவேலைப் பயிற்சி. உளி பிடித்தே பழக்கமில்லாதவர்களும் வரலாம். உங்கள் கையால் செய்த முக்காலியோடு வீடு திரும்பலாம்.’ கீழே விலாசம். ரயிலில் ஏழு மணி நேரம் போக வேண்டிய ஊர்.

கீலை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள். பாதித் தூரம் நடந்தவள் திரும்பப் போய் அந்தக் காகிதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவள் வம்சத்தில் தச்சர் யாரும் கிடையாது. வீட்டில் முக்காலிக்குப் பஞ்சமும் இல்லை. ஆனாலும் மூன்று வாரம், சாப்பாட்டு இடைவேளையில், மற்றவர்கள் பேரப்பிள்ளை படம் பார்ப்பதுபோல அவள் அந்தக் காகிதத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவரிடம் சொன்னாள்.

அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. திட்டம் போடுவதென்றால் அவருக்குச் சாப்பாடு தூக்கம் வேண்டாம். முடிவெட்டிக்கொள்ளப் போவதற்குக்கூடக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு நேரம் எழுதுவார். அவள் சொன்னதும் சிரிக்கவில்லை, அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதல்.

“போயேன். நல்லதுதானே. எந்த ஊரு?”

ஊரைச் சொன்னாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அங்கதானே மச்சான் இருக்காரு?”

இருந்தார்தான். அவளுடைய ஒரே அண்ணன். அந்த ஊரில் நீர்வழங்கல் அலுவலகத்தில் வேலை. அண்ணனுக்கும் அவளுக்கும் நாலு வருஷமாகப் போக்குவரத்து இல்லை. அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் அத்தை முறையில் இவள் பெயர் வந்திருக்க வேண்டிய இடத்தில், யாரோ ஒன்றுவிட்ட சித்தப்பாவின் பெயர் வந்திருந்தது. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்றார்கள். கல்யாணத்துக்குப் போனாள், வாழ்த்தினாள், சாப்பிட்டாள், வந்தாள். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவளாகப் பேசவும் இல்லை. பிறந்தநாளுக்கு அண்ணன் கூப்பிட்டால் இரண்டு வார்த்தை, அதோடு சரி.

“நான் அண்ணனைப் பார்க்கப் போகலைங்க. முக்காலி செய்யப் போறேன்,” என்றாள்.

“சரி சரி,” என்றார் கணவர். அந்தச் ‘சரி சரி’யில் அவர் மனதுக்குள் பென்சில் சீவிவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது மேஜை மேல் நாலு காலண்டர் தாள் ஒட்டுப்போட்ட திட்டம் விரிந்து கிடந்தது. அவர் மச்சானிடம் பேசிவிட்டிருந்தார். அண்ணன் வீட்டு மாடி அறையில் தங்கல். அண்ணன் நாலு நாள் விடுப்புப் போடுகிறார். புதனும் வியாழனும் எல்லோரும் வண்டி வைத்துக்கொண்டு அருவிக்குப் போகிறார்கள். கணவரும் கடையைப் பூட்டிவிட்டு வருகிறார்.

“வகுப்பு திங்கள்லேர்ந்து சனி வரைக்கும்,” என்றாள் அவள்.

“அதான் திங்கள், செவ்வாய், வெள்ளி, சனி முழுசா உனக்குத்தானே. நடுவுல ரெண்டு நாள் விட்டா என்ன?”

“ரெண்டு நாள் விட்டா ரெண்டு கால் குறையும்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பதைப் புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்குள் செய்தி காற்றைவிட வேகமாகப் பரவிவிட்டது. மறுநாள் அண்ணி கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது. “முக்காலி ஒரு சாக்குன்னு எனக்குத் தெரியாதாம்மா? நீ எப்படி வந்தாலும் வா.” மருத்துவமனையில் எலும்பு மருத்துவர், “மனசு சரியில்லைன்னா ஒரு வாரம் ஓய்வு எடுங்கம்மா, அதுக்கு ஏன் உளியெல்லாம்,” என்று அக்கறையாகக் கேட்டார். வெளியூரில் படிக்கும் மகளோ, “அப்பாவோட ஏதாவது பிரச்னையாம்மா?” என்றாள். ஒரு பெண்பிள்ளை நாற்பத்தேழு வயதில் முக்காலி செய்ய வேண்டும் என்று சொன்னால், அது முக்காலி சம்பந்தப்பட்ட விஷயம் என்று நம்ப ஒரு ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம், நோயாளிகள் குறைந்த நேரத்தில், ஒரு காலி எக்ஸ்ரே உறையை எடுத்து அதன் மேல் அவளே ஒரு திட்டம் எழுதினாள். ஞாயிறு காலை ரயில், தனியாக. பட்டறைக்கு மேலேயே வெளியூர்க்காரர்கள் தங்க அறை இருந்தது, அங்கே தங்கல். திங்கள் முதல் சனி வரை வகுப்பு. அடுத்த ஞாயிறு பகலில் அண்ணன் வீடு, சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பும் ரயில். ஐந்து வரிதான். சாயங்காலம் அதைக் கணவரின் நாலு தாள் திட்டத்தின் மேல் வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“மச்சான் வருத்தப்படுவாரே.”

“நானே பேசுறேன்.”

பேசினாள். அண்ணனுக்கு அவள் இன்னும் ‘குட்டி’தான்.

“சொல்லு குட்டி. மாடி அறையில புதுசா விசிறி மாட்டிட்டேன்.”

“அண்ணா, நான் பட்டறையிலயே தங்கிக்கிறேன். அருவிக்கும் வரலை. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன்.”



“அப்ப நீ எங்களைப் பார்க்க வரலை.”

“வாரம் முழுக்க முக்காலி செய்ய வர்றேண்ணா. ஞாயித்துக்கிழமை உங்களைப் பார்க்க வர்றேன். ரெண்டும் நிஜம்தான்.”

வைத்துவிட்டாரோ என்று அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

“என்ன மரம்?” என்று கேட்டார் அண்ணன்.

“தெரியலைண்ணா. அங்க போனாத்தான் தெரியும்.”

“ம். நல்ல மரமாப் பார்த்துக் கேளு,” என்றார். அத்தனை பேரில் மரத்தைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

பட்டறை ஒரு பழைய கிடங்கு. உயரமான ஜன்னல்கள், நீளமான ஆறு மேஜைகள், தரையெல்லாம் மரச்சுருள். சொல்லித்தருகிறவள் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள், தலைமுடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருந்தாள். எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள். எக்ஸ்ரேக்காரம்மாவோடு பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் நாலு பேர். ஒரு பேருந்து ஓட்டுநர், பல் மருத்துவம் படிக்கும் இரட்டையர், எதற்கெடுத்தாலும் ‘எனக்கு வராது’ என்று சொல்லிவிட்டுப் பிரமாதமாகச் செய்யும் ஒரு தையல்காரர்.

முதல் நாள் முழுக்க உளி தீட்டியதுதான். கல்லில் தண்ணீர் தெளித்து, உளியைச் சாய்த்துப் பிடித்து, முன்னும் பின்னும். மரத்தையே தொடவில்லை. சாயங்காலம் கட்டைவிரல் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. அன்றைக்கு அவள் எட்டு மணிக்கே தூங்கிப்போனாள். கணவர் மூன்று முறை கூப்பிட்டது காலையில்தான் தெரிந்தது.

இரண்டாம் நாள் கால்களைச் செதுக்கினார்கள். வெளிர் மஞ்சள் மரம், இழைக்க இழைக்க வெள்ளரிக்காய் போல வாசம் வந்தது. மரத்தின் பெயரைக் கேட்டு அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள். ‘நல்ல மரம், விசாரித்துவிட்டேன்’ என்று பதில் வந்தது. யாரிடம் விசாரித்தாரோ.

வியாழக்கிழமைதான் காரியம் கெட்டது. உட்காரும் பலகையில் கால்களுக்கான துளை போட வேண்டும். துளை நேராக இறங்கக்கூடாது, கால்கள் வெளிப்பக்கம் விரிந்து நிற்கிற மாதிரி சாய்ந்து இறங்க வேண்டும். அவளுக்குக் கோணம் கைவந்த கலை. எந்த முழங்காலை எத்தனை பாகை திருப்பினால் எந்த எலும்பு தெரியும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அந்தத் தெம்பில் அளவுகோலை ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு மூன்று துளையும் போட்டு முடித்தாள். கால்களைச் செருகி நிறுத்தியபோது இரண்டு கால் வெளியே பார்த்தது, மூன்றாவது கால் உள்ளே மடங்கி, உட்காரப் போகிறவரைக் கவிழ்க்கத் தயாராக நின்றது.

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “ஒண்ணுக்குப் போக அவசரம்போல நிக்குது,” என்றார். இரட்டையர் அடக்க முடியாமல் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

டீச்சர் குனிந்து பார்த்தாள். “மூணாவது துளைக்கு மட்டும் பலகையைத் திருப்பிப் போட்டு அளந்திருக்கீங்க. இதைச் சரி பண்ண முடியாதும்மா. வேற பலகைதான்.”

“இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு.”

“புதுப் பலகை அறுத்து, இழைச்சு, குடைஞ்சு… சனிக்கிழமைக்குள்ள முடியாது. ஞாயித்துக்கிழமை நான் பட்டறையைத் திறந்து வைக்கிறேன். நீங்க இருப்பீங்களா?”

ஞாயிற்றுக்கிழமை. அந்த எக்ஸ்ரே உறையில் இருந்த நாலாவது வரி. அவள் வெளியே வந்து, பட்டறைச் சுவரோரம் நின்று, வெகுநேரம் தெருவைப் பார்த்தாள். பாதி முக்காலியோடு போய்விடலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அண்ணனுக்கு மறுபடி ஒரு காரணம் சொல்ல வேண்டியும் இருக்காது. ஆனால் அந்த உளியை அவள்தான் ஒரு பகல் முழுக்கத் தீட்டியிருந்தாள். அண்ணனைக் கூப்பிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னாள்.



“பட்டறைக்கு வெளியாட்கள் வரலாமா?” என்று கேட்டார் அண்ணன்.

ஞாயிறு பதினோரு மணிக்கு அண்ணனும் அண்ணியும் சாப்பாட்டுப் பையோடு வந்தார்கள். அண்ணன் தலை நன்றாக நரைத்துவிட்டிருந்தது. அவளைப் பார்த்ததும், மேஜை மேல் இருந்த கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலைத் தூக்கிக் கையில் எடை பார்த்தார். அவள் கையெல்லாம் பசை. மூன்று கால்களையும் புதுப் பலகையில் இறக்கி, மேலே தெரியும் நுனியில் ஆப்பு அடித்து இறுக்கும் கட்டம். பசை காய்வதற்குள் முடிக்க வேண்டும்.

“நீ உன் வேலையைப் பாரு குட்டி. நாங்க சும்மா பார்க்கிறோம்,” என்றார் அண்ணன்.

அண்ணி ஒரு மரப்பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். முந்தானையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

“பத்திரிகையில உன் பேரை விட்டது அச்சகம் இல்லைம்மா. எழுதிக் குடுத்தது நான். அவசரத்துல மறந்துட்டேன். அச்சாகி வந்தப்புறம் சொல்லப் பயமா இருந்துச்சு. இவருக்கே போன வாரம்தான் தெரியும்.”

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் மெல்ல நகர்ந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

நாலு வருஷம் அவள் என்னென்னவோ காரணம் கற்பித்திருந்தாள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று ஒரு நாள், தன்னைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்று ஒரு நாள். மறந்துபோனார் என்பது அத்தனையிலும் சின்னதாக இருந்தது. அதனால் வலிக்காமல் இல்லை. வலித்தது. ஆனால் பிடித்துக்கொண்டு திரிய அதில் ஒன்றும் இல்லை.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம் அண்ணி,” என்றாள்.

“ஆமா.”

“கஷ்டமாத்தான் இருந்துச்சு எனக்கு.”

“தெரியும்மா.”

பசை விளிம்பில் திரளத் தொடங்கியிருந்தது. “இந்தக் காலை அசையாமப் பிடிங்க அண்ணி. மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குங்க,” என்றாள் அவள். அண்ணி நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைப் பிடித்தார். அவள் ஆப்பை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தாள். மூன்று அடியில் சத்தம் மாறியது, ஆப்பு இறுகிவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

“குடும்பத்துல இத்தனை பேர் இருந்தும் முறையா ஆப்பு வைக்கக் கத்துக்கிட்டது இவதான்,” என்றார் அண்ணன். அண்ணிக்குச் சிரிப்பு பீறிட்டு, பிடித்திருந்த மூச்சு விட்டுப்போனது. இன்னும் இரண்டு ஆப்பு பாக்கி.

மேஜை மேலேயே சாப்பிட்டார்கள். பிறகுதான் டீச்சர் அந்த விஷயத்தைச் சொன்னாள். பசை முழுக்கக் காய ஒரு நாளாகும், அதுவரை முக்காலியை அசைக்கக்கூடாது. ரயிலோ ஆறு மணிக்கு. ஆறு நாளும் அதற்கு மேல் ஒரு நாளும் பாடுபட்டவள் வெறுங்கையோடு போக வேண்டியதாயிற்று.

“நான் கொண்டு வர்றேன்,” என்றார் அண்ணன் உடனே. “விடுப்புப் போட்டது அப்படியே இருக்கு.”

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்று விரல் நுனியில் பசை காய்ந்து தோல்போல ஒட்டியிருந்தது. உரித்தாள், ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து அண்ணனும் அண்ணியும் வந்து இறங்கினார்கள். கணவர் இரண்டு தாள் திட்டத்தோடு நிலையத்தில் காத்திருந்தார். ரயிலில் கூட்டம் தாங்கவில்லை, அண்ணிக்கு மட்டும் இடம் கிடைத்தது, அண்ணன் கதவோரம் முக்காலியைப் போட்டு ஏழு மணி நேரமும் உட்கார்ந்தே வந்திருக்கிறார்.

“கொஞ்சம்கூட ஆடலை குட்டி. பக்கத்துல நின்னவங்க எல்லாம் எங்க வாங்கினீங்கன்னு கேட்டாங்க,” என்றார்.

தான் செய்த முக்காலியில் முதலில் உட்கார்ந்தது தானில்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் ஆற்றாமையாகத்தான் இருந்தது. அதை வெளியே சொல்லவில்லை. அவர்கள் குளித்துச் சாப்பிடப் போன பிறகு, கூடத்தில் ஜன்னல் பக்கம் அதை இழுத்துப் போட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். உள்ளே கணவர் மறுநாள் காலை எத்தனை மணிக்கு எங்கே போவது என்று படித்துக்காட்டிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து போகவில்லை.