ஒன்பது வருஷத்துக் கை

யாசீனுக்கு விடியும்போதே வலது கையின் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துக் கிடந்தன. உதறினால் ஊசி குத்தும். உதறாவிட்டால் கையே இல்லாததுபோல் இருக்கும். எட்டு மாதமாக இந்தக் கையோடுதான் முடிச்சூரில் அடுக்குமாடிகளுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். கம்பியும் கம்பியும் குறுக்கிடும் இடத்தில் கட்டுக்கம்பியைச் சுற்றி, கொக்கியால் மூன்று முறுக்கு. நாளைக்கு ஆயிரம் முடிச்சுக்குக் குறையாது. சில நாளாக அவன் ஒரே முறுக்கோடு விட்டுவந்தான். காங்கிரீட் மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

காங்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் காலை மேஸ்திரி அந்தோணிசாமி தளத்தில் ஏறி, கம்பிகளை மிதித்தபடியே நடந்தார். அது அவர் வழக்கம். யாசீன் கட்டிய பக்கம் வந்ததும் காலுக்கடியில் கம்பி நழுவியது. திட்டவில்லை. யாசீனின் கையைப் பிடித்துப் புரட்டினார்.

“எவ்ளோ நாளா மரத்துகினு கீது?”

மறைக்க வழியில்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்கிறார்கள், நரம்புக்கிட்டே கத்தி வைத்தால் கை விளங்காமல் போகும், அப்புறம் பொழப்பு ஏது என்று கொட்டித் தீர்த்தான்.

அந்தோணிசாமி தம் உள்ளங்கையை நீட்டினார். மணிக்கட்டருகே நகக்கீறல்போல ஒரு தழும்பு.

“எனுக்கும் இதே ஆபரேஷன்தான், ஒம்போது வருஷம் ஆச்சு. நாலு வருஷமா என்கூட கீற, உன் கண்ணுக்குத் தெர்ல.”

கொக்கியை வாங்கிக்கொண்டு குந்தினார். மத்தியானச் சோற்றுக்குள் யாசீனின் வரிசை முழுவதையும் பிரித்துக் கட்டி முடித்தார். கட்டிக்கொண்டே சொன்னார்: மரப்பு ஆபரேஷன் ஆன வாரமே போய்விட்டது, கையை ஊன்றினால் மூன்று மாதம் வலித்தது, பிறகு அதுவும் இல்லை. கட்டைவிரலடிச் சதைதான் குழிந்தது குழிந்ததுதான்.

“இந்தப் பள்ளம் கத்தியால வந்தது இல்லடா. பயந்துகினு ரெண்டு வருஷம் தள்ளினேன் பாரு, அதால வந்தது. உனுக்கு இன்னும் சதை கீது. திங்கக்கெழம போ.”

கட்டின கம்பியின் எடைக்கு, டன்னுக்கு இவ்வளவு என்றுதான் கூலி; கட்டினவனுக்குத்தான் பங்கு. கை தேறும்வரை ஆறு வாரம் உலை எப்படிக் கொதிக்கும் என்று யாசீன் முனகினான்.

“உன் வரிசைய நான் கட்றேன். பங்கு உன் வூட்டுக்கு வரும். கை தேறினதும் நீ என் வரிசைய கட்டிக் கழிக்கணும், தெர்தா?”

திங்கட்கிழமை யாசீன் போனான். அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்கு இரண்டாம் நாள், கட்டுப் போட்ட கையோடு கண்விழித்தபோது விரல்களில் ஊசி குத்தவில்லை.

அந்தோணிசாமிக்கு அவன் தரவேண்டிய பாக்கி, ஆறு வார வேலை.