முதல் தோசை யாருக்கு

கல்லிலிருந்து ஆவி எழுகிறது, கரண்டி நிறைய மாவை ஏந்திக்கொண்டு வர்ணிகா அப்படியே நிற்கிறாள், ஊற்றவும் இல்லை, வைக்கவும் இல்லை, சாப்பாட்டு மேசையின் நடுவே இண்டக்‌ஷன் அடுப்பு, அதைச் சுற்றிக் கிண்ணம் கிண்ணமாக வெங்காயம், துருவிய கேரட், இட்லிப் பொடி, சீஸ், இன்றைக்கு யாரும் தனக்குத் தோசை சுட்டுக்கொள்ளக் கூடாது, அடுத்தவருக்குத்தான் சுட வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான், சட்டம் போட நீ யார் என்று எனக்குள்ளேயே ஒருத்தி கேட்கிறாள், அவளுக்கு வேறு வேலையில்லை, லோகநாதனைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தக் கோயம்புத்தூர் வீட்டுக்கு வந்து பதினோரு மாதமாகிறது, ஒன்பது வயது வர்ணிகா அவருடைய மகள், அவள் என்னோடு உட்கார்ந்து ஒருவேளை முழுசாகச் சாப்பிட்டதில்லை, இன்றைக்காவது சாப்பிட மாட்டாளா என்பதுதான் என் ஏக்கம்.

என்னென்னவோ செய்து பார்த்தேன், சப்பாத்திக்குக் கண்ணும் மூக்கும் வைத்தேன், குட்டி இட்லிகளைக் குச்சியில் குத்திக் கொடுத்தேன், உங்க சித்தி கடை போட்டா நல்லா ஓடும் அம்மிணி என்று லோகநாதன் சிரிப்பார், அவளும் வாயோரத்தில் சிரிப்பாள், பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், தோசை என்றால் தட்டுகூட எடுக்காமல் பசிக்கலீங்க என்று போய்விடுவாள், என்னைச் சித்தி என்றும் கூப்பிட்டதில்லை, வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை, வழி கேட்கிற ஆளிடம் பேசுவதுபோல எல்லாவற்றுக்கும் ஒரு ங்க. அவள் அம்மா கோகிலா வயிற்று நோயில் போய் இரண்டு வருடம், கூடத்தில் படமாக இருக்கிறாள், மத்தியானம் தனியாக இருக்கும்போது நான் அவளிடம் சண்டைக்குப் போவேன், உன் பிள்ளைக்கு என்னதான் பிடிக்கும், சொல்லித் தொலையேன் தாயே. அப்படியே கண் அசந்தால் விருதுநகர் வீட்டு அடுப்படி வருகிறது, நாங்கள் நாலு பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம், முதல் தோசை பிய்ந்து வருகிறது, என் அம்மா அதைச் சுருட்டி நின்றபடியே வாயில் போட்டுக்கொள்கிறாள், நல்லது எங்களுக்கு, பிய்ந்ததும் கருகியதும் அவளுக்கு, ஏன் என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை, அவள் முகம் மெல்லத் திரும்புகிறது, படத்திலிருக்கும் கோகிலாவின் முகம், இன்னும் திரும்பினால் நான்தான் நிற்கிறேன், வாயில் கருகல் கசக்க விழித்துக்கொள்வேன்.

ஊத்து சாமி, அப்பனுக்குப் பசிக்குது என்றார் லோகநாதன், வர்ணிகா ஊற்றினாள், மாவு விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது, எண்ணெய் போதவில்லை, சுரண்டச் சுரண்டக் கிழிந்தது, ஓரமெல்லாம் கருகிப்போன ஒரு துணிக்கந்தலைத் தட்டில் போட்டுவிட்டு அழப்போகிறவளாக நின்றாள், முதல் தோசை அப்படித்தான்டா வரும், கொடு, நான் சாப்பிட்டுக்கிடுறேன் என்று நான் கையை நீட்டினேன், யோசிக்காமல்தான் நீட்டினேன், தினமும் நீட்டுகிற கைதானே. அவள் தட்டை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள், வேண்டாங்க, நீங்க சாப்பிடாதீங்க, ஏன் அம்மிணி என்று லோகநாதன் கேட்கவும் உடைந்துபோனாள், அம்மாவும் இப்படித்தானேப்பா பிஞ்சது கருகுனது எல்லாம் அவங்களே சாப்பிட்டாங்க, அப்புறந்தான் வயித்துல வந்துச்சு, இவங்களும் டெய்லி அடுப்புகிட்ட நின்னுட்டு அதையே சாப்பிடறாங்க, எனக்குப் பார்க்கவே பயமா இருக்குதுப்பா.

பதினோரு மாதம், சாத்திய அந்தக் கதவுக்கு முன்னால் நின்று என்னைப் பிடிக்கவில்லை, என்னைப் பிடிக்கவில்லை என்று மருகியிருக்கிறேன், கதவுக்கு அந்தப் பக்கம் இந்தப் பிள்ளை இவங்களும் செத்துப்போயிடுவாங்க என்று பயந்துகொண்டு தனியாகச் சாப்பிட்டிருக்கிறது, மக்கு, மக்கு என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, சந்தோஷப்படுகிற நேரமா இது. லோகநாதன் அவளை மடியில் இழுத்து, அது வேற நோவு சாமி, தோசையால வந்ததில்ல, டாக்டரே சொன்னாரு என்று திரும்பத் திரும்பச் சொன்னார், சரிங்கப்பா என்றாள், நம்பவில்லை என்பது தெரிந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தத் தோசையை மூன்றாகப் பிய்த்தாள், மூணு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் சாப்பிட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுங்க என்றாள், அப்பாவுக்கு ஒரு துண்டு, தனக்கு ஒன்று, என் துண்டை மட்டும் உடனே தரவில்லை, விளக்குப் பக்கமாகத் தூக்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, அதன் கருகிய ஓரத்தை நகத்தால் கிள்ளியெடுத்துத் தன் பங்கோடு வைத்துக்கொண்டாள், இப்ப சாப்பிடுங்க என்றாள்.