கட்டைவிரல் நிழல் விழுந்த கிளி

மழை ஓய்ந்த வாரத்தில், இணையத்தில் பெயரை மறைத்து எழுதிவந்தவர்களின் முகமெல்லாம் அவரவர் அங்கே வைத்திருந்த படமாக மாறிப்போனது. ஓய்வுபெற்ற கணக்காளர் சிங்கமானார். பல் மருத்துவர் அந்திச் சூரியனானதால் அவர் அறையில் விளக்கு தேவைப்படவில்லை. அந்த எழுத்தால் காயப்பட்டவர் தன் வாயால் உண்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பழைய முகம் திரும்பும் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டதால், பலரும் பல வீட்டு வாசல்களில் போய் நின்றார்கள்.

போட்டோ ஸ்டுடியோக்காரி காத்திருந்தாள். சில வருடங்களுக்கு முன் கிளிப்படம் வைத்த ஒருவர், அவளுடைய ஸ்டுடியோவின் உடைமாற்றும் அறையில் ஒளித்துவைத்த கேமரா இருப்பதாக எழுதியிருந்தார். கிளி ஒரு போலீஸ்காரர் என்றார்கள் சிலர். ஏமாந்த காதலன் என்றார்கள் சிலர். "பேர் சொல்லவே பயப்படுறாங்கன்னா விஷயம் உண்மையாத்தான் இருக்கும்" என்றார் எதிர்க்கடைப் பூட்டுக்காரர். அதோடு பெண்கள் வருவது நின்றது. மகளுக்குப் பேசியிருந்த இடம் கைநழுவியது. கணவன் அந்த அறையைச் சுத்தியலால் உடைத்துத் தேடிவிட்டு, ஒன்றும் கிடைக்காத கோபத்தில் வீட்டைவிட்டே போனான். கிளி யாரென்று அவளுக்கு முதல் நாளே தெரியும். அந்தக் கிளிப்படம் சின்ன வயதில் அவளே எடுத்த முதல் படம்; லென்ஸில் பட்ட கட்டைவிரல் கிளியின் இடது கன்னத்தில் நிழலாக விழுந்திருந்தது. இருந்த ஒரே பிரதியைத் தங்கைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்திருந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தன் கோபம் ஆறிவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

எல்லோருக்கும் கடைசியாகத் தங்கை வந்தாள். தலையை மூடியிருந்த சால்வையை விலக்கினாள். பச்சை முகம், சிவந்த அலகு, இடது கன்னத்தில் அந்த நிழல்.

"எல்லாரும் உன்னையே கொண்டாடினாங்க, வயிறு எரிஞ்சுது. ஒரு வரிதான் எழுதினேன். பேங்க்ல உள்ளேயே விடமாட்டேங்கறாங்க. ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுக்கா."

அக்கா முக்காலியைத் துடைத்துப் போட்டாள். விளக்கைத் திருப்பினாள். கேமராவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"உட்காருங்க. அடையாள அட்டைக்குத்தானே? அலகைக் கொஞ்சம் தூக்குங்க. போன தடவை விரல் பட்டுடுச்சு. இந்தத் தடவை படாது."

தங்கையின் கழுத்து இறகுகள் சிலிர்த்து, மெல்ல அடங்கின.

படம் துல்லியமாக வந்தது. ஒரு பிரதி ஸ்டுடியோவின் கண்ணாடிப் பெட்டியில் இன்றும் இருக்கிறது. அதைப் பார்த்து, புரளி கிளப்பிய கிளி அவள் தங்கைதான் என்று புரிந்துகொண்ட பெண்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். உடைந்த அறையை மட்டும் அவள் சரிசெய்யவில்லை. அடையாள அட்டையிலும் கிளி முகமே இருப்பதால் வங்கியில் ஒத்துப் பார்த்து உள்ளே விட்டுவிடுகிறார்கள். தங்கை வீட்டுக்காரர் தினமும் பழக்கடையில் கொய்யாவை அமுக்கிப் பார்த்து வாங்குகிறார். விலைதான் ஏறிவிட்டது என்று குறைப்பட்டுக்கொள்கிறார்.